கைவிடப்பட்ட ஒட்டகமும் கைவிடப்பட்ட காரும்

எல்லாப் புகழும் வல்ல நாயன் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



கீழ்வேளூர்ப் பகுதியில் ஒரு தெரு. பெயர் வேண்டாம், நம் ஊர்களில் எந்தத் தெருவாகவும் அது இருக்கலாம். அந்தத் தெருவின் நடுவே மாடி வைத்த புது வீடு ஒன்று. இரும்புக் கேட்டுக்குப் பூட்டு. கேட்டுக்கு உள்ளே, தகரக் கொட்டகையின் கீழ், சாம்பல் நிறத் துணி போர்த்திய ஒரு கார். வெளிநாட்டுக் கம்பெனியின் விலையுயர்ந்த கார் அது. வீட்டுக்காரர் சபராளி. கல்யாணத்துக்காக விடுப்பில் வந்தபோது வாங்கினார். நாற்பது நாள் ஓட்டினார். பிறகு விமானம் ஏறிவிட்டார். மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன. டயர்கள் காற்றிழந்து தரையோடு ஒட்டிவிட்டன. போர்த்திய துணி வெயிலில் நைந்து கிழிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று அதனடியில் அடைகாத்துக் குஞ்சும் பொரித்துவிட்டது!

ஐப்பசி அடைமழையில் ஓர் இரவு. எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டுவிட்டது. மின்சாரம் இல்லை, தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். வாடகை வண்டிக்காரர் யாரும் அந்த நேரத்தில் வர இயலவில்லை. கொட்டகையில் நிற்கும் காரின் நினைவு வந்தது. வீட்டுக்காரரின் மாமாவிடம் ஓடினார்கள். அவர் நல்ல மனிதர். மறுக்கவில்லை. டார்ச் விளக்குடன் ஓடிவந்து கேட்டைத் திறந்தார். துணியை விலக்கினார். சாவியைப் போட்டுத் திருகினார். ஒரு சத்தமும் இல்லை. மறுபடியும் திருகினார். இல்லை. பாட்டரி செத்து எத்தனை மாதம் ஆயிற்றோ! விடியும் நேரத்தில் காய்கறி ஏற்றும் ஒரு சிறு வண்டியில் பாய் விரித்து, அந்தப் பெண்ணைப் படுக்க வைத்து, தார்ப்பாய் பிடித்துக்கொண்டு திருவாரூர் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். அல்ஹம்துலில்லாஹ்! தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது.

பிள்ளைக்குப் பெயர் சூட்ட நம்மை அழைத்திருந்தார்கள். பாங்கு சொல்லி, பெயரிட்டு, துஆ ஓதி எழும்போது, அந்தப் பிள்ளையின் பாட்டியார் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கேள்வி கேட்டார்கள்.

“ஹஜ்ரத், அன்னிக்கு ராத்திரி அந்தக் காரு எங்களையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. குடுக்க மனசிருந்தும் அது எழும்பலை. இதுக்கெல்லாம் நாளைக்குக் கேள்வி கணக்கு உண்டுமா, இல்லையா?”

ஓதிப் பட்டம் பெற்று வந்த நமக்கு உடனே பதில் சொல்ல நா எழவில்லை. “பாத்துச் சொல்றேன் அம்மா” என்று சொல்லிவிட்டு வந்தோம். அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரை.

திருமறை காட்டும் இரண்டு காட்சிகள்

கியாமத் நாளின் அமளியை வர்ணிக்கும் தக்வீர் அத்தியாயத்தை நம்மில் பலர் தொழுகையில் ஓதுகிறோம். சூரியன் ஒளி இழப்பதும், நட்சத்திரங்கள் உதிர்வதும், மலைகள் பெயர்வதும் அங்கே கூறப்படுகின்றன. இத்தனை பெரிய நிகழ்ச்சிகளுக்கு நடுவே அல்லாஹ் ஓர் ஒட்டகத்தைப் பற்றியும் பேசுகிறான்! பத்து மாதச் சினை ஒட்டகங்கள் கவனிப்பாரற்று விடப்படும் என்கிறான்.

ஏன் ஒட்டகம்? அன்றைய அரபியிடம் இருந்த பொருள்களில் அதைவிட உயர்ந்தது வேறில்லை. அதுவே அவனுக்கு வாகனம், அதுவே பால், அதுவே பெருமை. சினை முற்றிய பெண் ஒட்டகம் என்றால் இரட்டைச் செல்வம். இரவில் எழுந்து எழுந்து அதைப் பார்ப்பான். அப்படிப்பட்டதைக்கூடத் திரும்பிப் பாராமல் மனிதன் விட்டு ஓடும் நாள் ஒன்று வரும் என்பதே அந்த வசனத்தின் எச்சரிக்கை. நம் காலத்து மனிதனுக்கு அந்த ஒட்டகத்தின் இடத்தில் நிற்பது எது என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு காட்சி ஹஜ் அத்தியாயத்தில் இருக்கிறது. அக்கிரமம் செய்து அழிந்த ஊர்களைக் குறிப்பிடும் அல்லாஹ், அங்கே பாழடைந்து கிடக்கும் கிணற்றையும் உயர்ந்து நிற்கும் மாளிகையையும் சேர்த்துக் காட்டுகிறான். மாளிகை இருக்கிறது, வசிப்பவர் இல்லை. கிணறு இருக்கிறது, இறைப்பவர் இல்லை.

இவ்விரண்டு இடங்களிலும் வரும் சொற்கள் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. ‘தஅத்தீல்’ என்பது அந்த வேரின் சொல். ஒன்றை அதன் வேலையிலிருந்து நிறுத்தி வெறுமனே விட்டுவிடுவது என்பது அதன் பொருள். ஒட்டகத்தின் வேலை சுமப்பது. கிணற்றின் வேலை நீர் தருவது. வேலை நின்ற பொருள், உருவம் இருந்தும் உயிரற்றது. அந்த இரவில் சாவி திருகியும் பேசாத கார் இந்த வகையைச் சேர்ந்ததே.

ஹைதராபாத் தரும் படிப்பினை

இது ஒரு தெருவின் கதை மட்டுமல்ல. நம் நாட்டிலேயே பெரிய சரித்திரம் இதற்கு உண்டு.

ஹைதராபாத்தை ஆண்ட ஆறாவது நிஜாம் மீர் மஹ்பூப் அலீ கான், இங்கிலாந்தின் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியில் ஒரு கார் செய்யச் சொன்னார். பின்னிருக்கை சிம்மாசனம் போல உயர்ந்தது, மஞ்சள் நிறம், பட்டு விரிப்பு. ஆனால் 1911-ஆம் ஆண்டிலேயே அவர் மௌத்தாகிவிட்டார். ஆசைப்பட்டவர் ஒரு முறையும் ஏறாத கார் அவருக்குப் பின்னால் வந்து சேர்ந்தது! பிறகும் மிகச் சொற்பமாகவே அது ஓடியது.

அவருடைய மகன் மீர் உஸ்மான் அலீ கான் ஏழாவது நிஜாம். 1937-இல் அமெரிக்காவின் டைம் பத்திரிகை அவர் படத்தை அட்டையில் போட்டு, உலகிலேயே பெரும் பணக்காரர் என்று எழுதியது. 184 காரட்டுக்கும் அதிகமான ஜேக்கப் வைரத்தை அவர் காகிதம் பறக்காமலிருக்க எடையாக வைத்திருந்தார் என்பது பிரசித்தமான செய்தி. காலின்ஸ், லாப்பியர் என்ற இரு எழுத்தாளர்கள் 1975-இல் வெளியிட்ட இந்திய விடுதலை பற்றிய நூலில் ஒரு காட்சியை எழுதியுள்ளார்கள். அவருடைய அரண்மனைத் தோட்டத்தில் பத்துப் பன்னிரண்டு லாரிகள் தங்கக் கட்டிகளின் பாரம் தாங்காமல் அச்சு வரைக்கும் சேற்றில் புதைந்து நின்றனவாம். கட்டி வைத்த நோட்டுகளை எலிகள் கொறித்தனவாம். கோடீஸ்வரரின் பணத்தையும் எலி கொறிக்கும். நம் குதிரில் உள்ள நெல்லையும் எலி கொறிக்கும். எலிக்கு இருவரும் ஒன்றுதான்!

1967-இல் அவர் மௌத்தானார். பேரர் முகர்ரம் ஜாஹ் வாரிசானார். அரண்மனைக் கொட்டகையில் இருந்த 60 கார்களுக்குப் பெட்ரோலுக்கும் உதிரிபாகத்துக்கும் ஆண்டொன்றுக்கு 45,000 பவுன் செலவு எழுதப்பட்டது. ஓடக்கூடிய நிலையில் இருந்தவையோ நான்கே என்று வரலாற்றாசிரியர் வில்லியம் டால்ரிம்பிள் 2007-இல் எழுதினார். ஓடாத காருக்குப் பெட்ரோல்! பாரம் சுமக்க வந்த வாகனம் தானே பாரமாகிவிட்டது.

ஆனால் நாம் நீதியாகப் பேச வேண்டும். மௌத்தானவர்களின் நன்மையையும் சொல்வதே அழகு. இதே உஸ்மான் அலீ கானின் ஆட்சியில்தான் 1918-இல் உஸ்மானியா பல்கலைக்கழகம் எழுந்தது. 1908-இல் மூசி ஆற்று வெள்ளம் நகரை அழித்த பிறகு, மீண்டும் அந்தத் துயரம் நேராதிருக்க உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் ஏரிகள் கட்டப்பட்டன. அவர் பெயரால் அமைந்த மருத்துவமனையில் எத்தனையோ ஏழைகள் குணம் பெற்றார்கள். நீரும் கல்வியும் மருந்தும் அவர் பெயரை இன்றும் சொல்கின்றன. பூட்டி வைத்த நகைகளோ? அவற்றில் 173 உருப்படிகளை இந்திய அரசு 1995-இல் 218 கோடி ரூபாய்க்கு வாங்கியது. வைரம் ஒரு பெட்டகத்திலிருந்து இன்னொரு பெட்டகத்துக்குச் சென்றது, அவ்வளவே.

ஒரே மனிதர், ஒரே கஜானா. மக்களுக்காகத் திறந்த பகுதி வாழ்கிறது. தமக்கென்று மூடிய பகுதி துருப்பிடித்தது. இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

அந்த ரோல்ஸ் ராய்ஸ் கார் பிற்காலத்தில் செப்பனிடப்பட்டு, 2005-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட சௌமஹல்லா அரண்மனையில் காட்சிக்கு நிற்கிறது. நுழைவுச்சீட்டு வாங்கியவர் எவரும் அதைப் பார்க்கலாம். செய்யச் சொன்னவர் மட்டும் பார்க்கவில்லை.

துபாய் மணலில் நின்ற கார்கள்

நம் பிள்ளைகள் பிழைக்கப் போகும் துபாயில் 2008, 2009-ஆம் ஆண்டுகளில் நடந்ததைச் சபராளிகளின் வீட்டார் அறிவார்கள். உலகப் பொருளாதாரம் சரிந்தது. வேலை போனது. கடனில் வாங்கிய கார்களை விமான நிலையத்தில் நிறுத்திவிட்டுப் பல வெளிநாட்டவர் ஊரைவிட்டே ஓடினார்கள். காசோலை திரும்பினால் சிறை என்ற சட்டம் அன்று அங்கே இருந்தது. ஆகவே சாவியை உள்ளேயே விட்டுவிட்டு ஓடியவர்களும் உண்டு என்று பத்திரிகைகள் எழுதின. ஃபெராரி, போர்ஷே முதலிய, பெயரைக் கேட்டாலே இளைஞர்கள் வாய்பிளக்கும் கார்கள் மணல் மூடி நின்றன.

இத்தாலியின் ஃபெராரி கம்பெனி ‘என்ஸோ’ என்ற காரை உலகம் முழுமைக்கும் 400 மட்டுமே செய்தது. அவற்றுள் ஒன்று துபாய்க் காவல் துறையின் பொறுப்பில், புழுதி படிந்து, உரிமையாளர் வந்து எடுக்காமல் நின்ற படம் 2012-ஆம் ஆண்டளவில் உலகமெங்கும் பரவியது.

அதே கார் வரிசையின் கடைசிக் கார், நானூறாவது கார், எங்கே போயிற்று தெரியுமா? அதைக் கிறிஸ்தவர்களின் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பாலுக்கு அக்கம்பெனி அன்பளிப்பாகக் கொடுத்தது. அவர் அதை வைத்துக்கொள்ளவில்லை. 2005-இல் அது ஏலம் விடப்பட்டுப் பத்து இலட்சம் டாலருக்கும் அதிகமாகக் கிடைத்த தொகை, சுனாமியால் பாதிக்கப்பட்டோருக்கென்று ஒதுக்கப்பட்டது. சுனாமி என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று நம் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கீழ்வேளூர் வழியே அன்று ஓடிய வண்டிகளின் சத்தம் இன்னும் நம் காதில் இருக்கிறது.

ஒரே பட்டறையில் பிறந்த இரண்டு கார்கள். ஒன்று துயருற்றோரின் கண்ணீர் துடைக்கப் போனது. மற்றது மணலில் நின்றது. நன்மை எவரிடத்தில் காணப்பட்டாலும் அதிலிருந்து பாடம் பெறுவது மூமினுக்கு அழகே.

இன்னும் கிழக்கே, முஸ்லிம் நாடான புருனையில், அரச குடும்பத்தார் சேர்த்த கார்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. 1997-இல் ஆசியப் பொருளாதாரம் தடுமாறிய பிறகு அவற்றில் பல கவனிப்பின்றி ஈரக்காற்றில் நின்று பழுதாகிப் போயினவாம். மழைநாட்டின் ஈரம் தோல் இருக்கையில் பூஞ்சணம் ஏற்றும். பெட்ரோல் நாள்பட்டால் பிசினாகிக் குழாயை அடைக்கும். பிரேக் துருவேறி இறுகும். ரப்பர் வெடிக்கும். நின்ற இடத்திலேயே டயர் தட்டையாகும். ஒயரை எலி கடிக்கும். கார் ஓடினால் தேயும், நின்றாலோ அழியும்.

துபாய்க் காட்சியில் இன்னொரு பாடமும் இருக்கிறது, அது கடன். ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, மைய்யித்தின் மீது சில தீனார்கள் கடன் இருப்பதை அறிந்த நாயகம் (ஸல்) அவர்கள் தாம் தொழுவிக்காமல் தோழர்களைத் தொழச் சொன்னார்கள். அபூ கதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனைத் தம் பொறுப்பில் ஏற்ற பிறகே தொழுவித்தார்கள். சில தீனார் கடனுக்கே இந்த நிலை என்றால், வட்டிக்கு வாங்கி, ஊர் பார்க்க ஓட்டி, தவணை கட்டாமல் விட்டு ஓடியவரின் நிலை என்ன? காரை விட்டுவிட்டு ஓடலாம். கடனை விட்டுவிட்டு ஓட முடியுமா? அது கபுரு வரைக்கும் கூட வரும்.

மூன்று வகைக் குதிரைகள்

பாட்டியாரின் கேள்விக்கு வருவோம். வாகனத்துக்குக் கேள்வி கணக்கு உண்டா?

புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் ஒரு ஹதீஸில் நாயகம் (ஸல்) அவர்கள் குதிரைகளை மூன்றாகப் பிரித்தார்கள். அல்லாஹ்வின் பாதையில் பயன்படக் கட்டி வைத்த குதிரை அதன் உடையவருக்கு நன்மை. அது மேயும் புல்லும் குடிக்கும் நீரும்கூட நன்மைக் கணக்கில் எழுதப்படும். பிறரிடம் கையேந்தாமல் மானத்தோடு வாழ ஒருவர் கட்டி வைத்த குதிரை அவருக்குத் திரை. ஆனால் அதன் கழுத்திலும் முதுகிலும் அல்லாஹ்வுக்குள்ள ஹக்கை அவர் மறக்கக்கூடாது. பெருமைக்காகவும் பிறர் பார்க்கவும் கட்டி வைத்த குதிரையோ அவருக்குப் பாவச்சுமை.

‘முதுகின் ஹக்கு’ என்பதைக் கவனியுங்கள். வாகனத்தின் முதுகில் இன்னொருவனுக்கும் பங்கு உண்டு. நடக்க இயலாதவனை ஏற்றிக்கொள்வது அந்த ஹக்கில் சேரும். பின்னர்க் கழுதையைப் பற்றியும் தோழர்கள் கேட்டார்கள். அதற்கென்று தனியாக எதுவும் இறங்கவில்லை; அணுவளவு நன்மையும் அணுவளவு தீமையும் காணப்படும் என்ற வசனம் எல்லாவற்றையும் அடக்கிக்கொள்ளும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் காட்டினார்கள். அன்று கேட்டது கழுதை. இன்று கேட்பது கார். பதில் ஒன்றுதான்.

ஒரு பிரயாணத்தில், ஒட்டகத்தில் வந்த ஒருவர் தேவையோடு வலமும் இடமும் பார்த்தார். உபரியாக வாகனம் வைத்திருப்பவர் வாகனம் இல்லாதவருக்குக் கொடுத்துதவட்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அப்போது பணித்தார்கள். பல பொருள்களையும் இவ்வாறே அடுக்கிச் சொன்னதைக் கேட்டு, தேவைக்கு மிஞ்சியதில் நமக்கு உரிமையே இல்லையோ என்று எண்ணினோம் என்று அபூ ஸயீத் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இது முஸ்லிமில் உள்ள செய்தி.

மாஊன் என்ற சிறிய அத்தியாயம் நம் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். தொழுதும் கேடு தேடிக்கொண்டவர்களை அல்லாஹ் அதில் கண்டிக்கிறான். அவர்களின் குற்றங்களில் ஒன்று, அற்பமான புழங்குபொருளைக்கூட அயலாருக்குத் தராமல் தடுப்பது. சட்டி, வாளி, கோடாரி போன்றவற்றை விரிவுரையாளர்கள் உதாரணமாகக் காட்டுவார்கள். மழை இரவில் வாகனமும் அந்த வரிசையில் வராதா?

“என் பணம், என் கார்!”

சிலர் வாதம் செய்வார்கள். “நான் ஹலாலாகச் சம்பாதித்தேன். சொந்த உபயோகக் காருக்கு ஜகாத்தும் இல்லை. நிறுத்தி வைப்பது என் இஷ்டம்.”

சொந்த உபயோக வாகனத்துக்கு ஜகாத் கடமையில்லை என்பது சரியே. விற்பனைக்கென்று வாங்கியிருந்தால் வியாபாரப் பொருளாகி நூற்றுக்கு இரண்டரை கடமையாகும். ஆனால் ஜகாத் இல்லை என்பதால் கேள்வியும் இல்லை என்று எந்தக் கிதாபில் எழுதியிருக்கிறது? செல்வத்தை எப்படி ஈட்டினாய், எதில் செலவிட்டாய் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லாமல் மஹ்ஷரில் கால் நகராது என்று திர்மிதியில் வருகிறது. பொருளைப் பாழாக்குவதை அல்லாஹ் வெறுக்கிறான் என்றும் ஹதீஸ் உண்டு. அனுபவிப்பதற்குத் தடையில்லை, பாழாக்குவதற்கே தடை.

நாம் விவசாய பூமியில் வாழ்கிறோம். ஆகவே உமர் (ரலி) அவர்களின் ஒரு தீர்ப்பு நமக்கு நன்றாக விளங்கும். பிலால் பின் ஹாரிஸ் (ரலி) அவர்களுக்கு அகீக் என்ற நிலப்பரப்பை நாயகம் (ஸல்) அவர்களே வழங்கியிருந்தார்கள். முழுவதையும் அவரால் பயிரிட முடியவில்லை. உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சியில் அவரை அழைத்து, பிறரைத் தடுத்து வைப்பதற்காக அது தரப்படவில்லை, உம்மால் முடிந்ததை வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிடும் என்று சொல்லி, மீதியை மக்களுக்குப் பங்கிட்டார்கள். மேட்டூரில் தண்ணீர் திறந்து, வாய்க்கால் நிறைய ஓடும்போது, நல்ல நஞ்சையை ஒருவர் தரிசாகப் போட்டால் நம் ஊர்ப் பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? “மண்ணு சபிக்கும்” என்பார்கள். அப்படியானால் இரும்புக்கு மட்டும் நாக்கில்லையா?

முஸ்லிமில் வரும் ஒரு ஹதீஸின் கருத்து இது: என் சொத்து, என் சொத்து என்று மனிதன் சொல்லிக்கொண்டே இருக்கிறான். அவனுக்கு உள்ளதோ மூன்றுதான். உண்டு தீர்த்தது, உடுத்திக் கிழித்தது, தர்மம் செய்து மறுமைக்கு அனுப்பியது. கொட்டகையில் நிற்கும் கார் இவற்றில் எந்தக் கணக்கில் சேரும்? உண்ணவில்லை, உடுக்கவில்லை, கொடுக்கவுமில்லை. அப்படியென்றால் அது அவருடையதே இல்லை!

நாம் அழகை வெறுக்கச் சொல்லவில்லை. நல்ல உடையும் நல்ல செருப்பும் விரும்புவது பெருமையாகாது என்று நாயகம் (ஸல்) அவர்களே விளக்கியிருக்கிறார்கள். குதிரை, கோவேறு கழுதை முதலியவற்றை ஏறிச்செல்லவும் அலங்காரமாகவும் படைத்ததாக அல்லாஹ்வே நஹ்ல் அத்தியாயத்தில் கூறுகிறான். நல்ல கார் வாங்குவது ஹலால். ஆனால் வாங்கியவர் பேண வேண்டும். நாயகம் (ஸல்) அவர்கள் தம் குதிரையின் முகத்தைத் தம் மேலாடையாலேயே துடைத்தார்கள் என்று முவத்தாவில் வருகிறது. வயிறு ஒட்டி முதுகோடு சேர்ந்திருந்த ஒட்டகத்தைக் கண்டபோது, இந்த வாயில்லா ஜீவன்கள் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சச் சொன்னார்கள். காருக்கு உயிரில்லை. ஆனால் அதை எதிர்பார்க்கும் அயலாருக்கு உயிர் இருக்கிறது.

செய்ய வேண்டியது என்ன?

சபர் போகும் சகோதரர்களுக்குச் சில வார்த்தைகள்.

வாங்குமுன் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். ஆண்டில் முப்பது நாள் ஓட்டுவதற்கு ஒரு கார் தேவையா? அந்த முப்பது நாளுக்கு வாடகைக் கார் போதாதா? தங்கையின் கல்யாணக் கடனும் அத்தாவின் கண் சிகிச்சையும் பாக்கியிருக்க, வட்டிக்குக் கார் வாங்கி ஊரில் நிறுத்துவது நியாயமா?

வாங்கிவிட்டீர்களானால், போகும்போது நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படையுங்கள். வாரம் ஒரு முறையாவது ஓட்டச் சொல்லுங்கள். இன்சூரன்ஸைக் காலாவதியாக விடாதீர்கள். ஓட்டுபவரிடம் லைசென்ஸ் உண்டா என்று பாருங்கள். “ஆத்திர அவசரத்துக்கு யார் கேட்டாலும் குடு” என்ற ஒரு வார்த்தையை வாயால் சொல்லிவிட்டுப் போங்கள். அந்த ஒரு வார்த்தையால், நீங்கள் பாலைவனத்தில் தூங்கும்போதும் உங்கள் ஏட்டில் நன்மை எழுதப்படும்.

வைத்திருக்க வழியில்லை என்றால் விற்றுவிடுங்கள். ஓடிய கார் நல்ல விலைக்குப் போகும். நின்ற கார் இரும்பு விலைக்குப் போகும். இனி ஓடவே ஓடாது என்றாகிவிட்டால், அரசு அங்கீகரித்த உடைக்கும் நிலையத்தில் கொடுத்து, போக்குவரத்து அலுவலகத்தில் பதிவையும் ரத்து செய்யுங்கள். உங்கள் பெயரில் உள்ள வண்டியை வேறொருவன் தவறுக்குப் பயன்படுத்தினால் விசாரணை உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை. கேட்பாரற்று நிற்கும் வண்டிதானே என்று கண்ணாடியையோ சக்கரத்தையோ கழற்றுவது திருட்டே. உடையவன் மறந்தாலும் உரிமை மறையாது. ஜமாஅத்தாரிடமோ காவல் நிலையத்திலோ சொல்லுங்கள்.

உறையிட்டு வைத்த இன்னொன்று

பாட்டியாரிடம் போய் நாம் பதில் சொன்னோம். “கேள்வி கணக்கு உண்டும்மா. நிச்சயம் உண்டு.” அவர்கள் சற்றே யோசித்துவிட்டு, “அப்ப அந்தப் புள்ளைக்கு எழுதுங்க ஹஜ்ரத். அது கெட்ட புள்ளை இல்ல. மறந்துபோயிருக்கும்” என்றார்கள். எவ்வளவு பெரிய மனது!

எழுதினோம். அந்தச் சகோதரர் மறு வாரமே தொலைபேசியில் அழைத்து அழுதார். பணம் அனுப்பினார். மெக்கானிக் வந்து பாட்டரி மாற்றி, எலி கடித்த ஒயர்களை மாற்றி, நான்கு டயரும் புதிதாகப் போட்டார். சாவி இப்போது எதிர்வீட்டு ஆணியில் தொங்குகிறது. கோழிக்குத்தான் இடம் போயிற்று!

இத்துடன் கட்டுரையை முடித்திருப்போம். ஆனால் இதை எழுத உட்கார்ந்த இரவில், ஒரு ஹதீஸைச் சரிபார்க்க வேண்டி நம் அலமாரியைத் திறந்தோம். மதரஸாவில் ஏழாண்டு ஓதிய கிதாபுகள். சிலவற்றைப் பட்டம் வாங்கிய பிறகு நாம் தொடவே இல்லை. ஒரு கிதாபின் ஓரத்தைக் கரையான் அரித்திருந்தது. அடுத்தவர் கொட்டகையைப் பற்றி எழுத உட்கார்ந்த நமக்கு நம் கொட்டகையை அல்லாஹ் காட்டிவிட்டான். ஓதிய இல்மும் ஒரு வாகனமே. பிறரை ஏற்றாமல் நிறுத்தி வைத்தால் அதுவும் துருப்பிடிக்கும்.

அந்த அலமாரியின் மேல்தட்டில் பட்டு உறைக்குள் திருக்குர்ஆன் இருந்தது. நம்மில் எத்தனை வீடுகளில் அது அப்படி இருக்கிறது! கல்யாணச் சீராக வந்தது, அழகிய உறை, உயரமான இடம், உறையின் மேல் தூசு. கொட்டகையில் துணி போர்த்தி நின்ற காருக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? தம் சமுதாயத்தார் இந்தக் குர்ஆனைக் கைவிடப்பட்டதாக ஆக்கிவிட்டார்கள் என்று ரஸூல் (ஸல்) அவர்கள் தம் இரட்சகனிடம் முறையிடுவதை ஃபுர்கான் அத்தியாயம் கூறுகிறது. கார் கைவிடப்பட்டால் எதிர்வீட்டார் முறையிடுவார்கள். குர்ஆன் கைவிடப்பட்டால் முறையிடுபவர் யார் என்று எண்ணிப் பாருங்கள்!

ஆகவே அன்புக்குரியவர்களே! இன்று மஃரிபுக்குப் பிறகு வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பாருங்கள். கொட்டகையில் நிற்பது எது, பெட்டியில் கிடப்பது எது, அலமாரியில் உறங்குவது எது என்று பாருங்கள். ஒன்றையாவது இறக்கித் துடையுங்கள். முதலில் அந்த உறையை அவிழ்த்துக் குர்ஆனை எடுத்து ஒரு பக்கம் ஓதுங்கள். பிறகு சாவியைத் தேடுங்கள்.

வல்ல ரஹ்மான் நமக்குத் தந்த நிஃமத்துகளை அவற்றுக்குரிய வழியில் பயன்படுத்தும் நல்லறிவை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! நம் வாகனங்களை மஹ்ஷரில் நமக்குச் சுமையாக்காமல் திரையாகவும் நன்மையாகவும் ஆக்குவானாக! அந்த மழை இரவில் பிறந்த குழந்தைக்கு நீண்ட ஆயுளையும் நிறைந்த ஈமானையும் வழங்குவானாக!

ஆமீன். ஆமீன். யா ரப்பல் ஆலமீன்!